பச்சை என்று வந்த தடுப்பாட்டக்காரி

நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்திருக்கும் ரேவதி போன மாதம் போன் செய்தாள். அகாதமிக்குப் புதிதாக ஒரு செயலி வாங்கியிருக்கிறார்களாம். வீராங்கனைகள் தங்கள் போனிலேயே கேள்விகளுக்குப் பதில் தட்ட வேண்டும். கடைசிக் கேள்வி முடிந்ததும் அந்தப் பெண் என்ன மாதிரியான ஆள், தொழில்முறைக் கால்பந்தில் நிலைப்பாளா மாட்டாளா என்பது திரையில் வந்துவிடும்.

"நீங்க இருக்கும்போதும் இதே மாதிரி ஒண்ணு வந்துச்சாமே மேடம். கலர் கலரா. அதுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

போனில் சொல்லக்கூடியதைச் சொன்னேன். மீதியை எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால், நிறங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு பெண்ணைப் பற்றியும் அவளுடைய அப்பாவைப் பற்றியும்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கால்பந்து ஆடியவள் இல்லை. மதுரையில் உளவியல் படித்தேன். ஒரு பொறியியல் கல்லூரியில் ஆலோசகராகப் பல வருடங்கள் இருந்தேன். அரியர் வைத்தவர்களும் வீட்டில் பேசப் பயந்தவர்களும் என் அறைக்கு வந்தார்கள். விளையாட்டு உளவியலில் ஒரு படிப்பை நடுவயதில் தபால் வழியாக முடித்தேன். அந்த நேரத்தில்தான் பெண்களுக்கான ஒரு கால்பந்துக் கழகம் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் விடுதியோடு ஓர் அகாதமி தொடங்கியது. என் வீடு தென்காசியில். விண்ணப்பித்தேன். நேர்முகத் தேர்வில் ஆஃப்சைடு என்றால் என்ன என்று ஒருவர் கேட்டார். நான் விழித்தேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர், "சாரமில்ல, பரவாயில்ல, நம்ம ஸ்டிரைக்கர்களுக்கே அது இன்னும் பிடிபடல" என்றார். அவர்தான் மாத்யூ சார். எங்கள் தொழில்நுட்ப இயக்குநர். கேரளத்துப் புனலூர்க்காரர், பேசும் தமிழில் மலையாளம் கலந்திருக்கும். அவருக்குக் கீழேதான் என் மீதி வேலைக் காலம் முழுவதும் கழிந்தது.

அவரிடம் மூன்று பழக்கங்கள் இருந்தன. ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர்களோடு பக்கவாட்டில் நிற்க மாட்டார். கோல் வலைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவார். "சைடுல நின்னா பந்தைப் பாப்போம். இங்கே இருந்தா ஆளைப் பாக்கலாம்" என்பார். என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தார். சாரல் மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் மைதானத்தின் குறுக்கே அடிக்கும். கோல்கீப்பர் உதைத்த பந்து நடுக்கோட்டைத் தாண்டாமல் சுழன்று திரும்பும். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்போம்.

இரண்டாவது, ஒரு பெண் தவறு செய்ததும் பந்தை விட்டுவிட்டு அவளையே பார்க்க வேண்டும். அவள் கால் அடுத்த முறை பந்தைத் தொடும்வரை கண்ணை எடுக்கக் கூடாது. தலை குனிகிறாளா, யாரையாவது கை நீட்டிக் குறை சொல்கிறாளா, பந்து தன் பக்கம் வராத இடமாகப் பார்த்து ஒதுங்குகிறாளா, இல்லை கேட்டு வாங்குகிறாளா. பயிற்சி நாட்களிலும் இதையேதான் செய்தோம்.

மூன்றாவது, தேர்வுக் கூட்டம். ஆட்டம் நடந்த அன்று கூட்டம் போட மாட்டார். அடுத்த நாள்தான். வேலையில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் பேச வேண்டும். அவர் கடைசியில் பேசுவார். யாராவது "நல்ல தைரியமான பொண்ணு சார்" என்று சொன்னால் உடனே, "பின்னே? என்ன செய்தா?" என்பார். எந்த ஆட்டத்தில், எதிரே யார் நின்றபோது, என்ன செய்தாள் என்று சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்த வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். முதல் வருடம் நான் திரும்பப் பெற்ற வார்த்தைகளை வைத்து ஒரு நற்சான்றிதழே எழுதலாம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கழகத்தின் சேர்மன் அந்தக் கேள்வித்தாளை அனுப்பினார்.

சேர்மன் சென்னையில் தொழில் செய்பவர். கால்பந்தின் மேல் உண்மையான பிரியம் உள்ளவர். வெளிநாட்டுக் கழகங்கள் ஆட்களின் குணவகையைப் பார்த்து ஒப்பந்தம் போடுகின்றன என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்திவிட்டார். அங்கிருந்து பிரசன்னா என்ற இளைஞன் வந்தான். கேள்வித்தாளில் வரிசையாக வாக்கியங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எப்போதும், சில சமயம், அரிதாக என்று மூன்றில் ஒன்றை டிக் செய்ய வேண்டும். கூட்டிப் பார்த்தால் நான்கு நிறங்களில் ஒன்று வரும். சிவப்பு, முன்னே பாய்கிற ஆள். மஞ்சள், கலகலப்பானவர். நீலம், யோசிப்பவர். பச்சை, விட்டுக்கொடுப்பவர். கூடவே சுவரில் ஒட்ட ஒரு பெரிய அட்டவணை. எந்த இடத்தில் ஆட எந்த நிறம் பொருந்தும் என்று அதில் போட்டிருந்தது. முன்வரிசைக்கும் தடுப்பு வரிசைக்கும் சிவப்பு. கோல் காக்க நீலம். பச்சைக்கு எதிரே, அணிக்குள் நல்லுறவு வளர்ப்பார், தொழில்முறை ஆட்டத்தின் அழுத்தத்தில் நீடிப்பது கடினம் என்று இருந்தது.

மாத்யூ சார் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். பெண்களுக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் எழுத வேண்டும். எழுதினோம். எனக்கு மஞ்சள் வந்தது. கலகலப்பானவள். என் கணவர் அதைக் கேட்டுவிட்டு, தாள் மாறியிருக்கும் என்றார். மாத்யூ சாருக்குப் பச்சை. இந்தியா முழுக்க ஆடி, முழங்கால் தேயும்வரை ஆடி, பிறகு பயிற்சியாளராக வந்த மனிதர். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்போ ஞான் இத்தனை காலமும் நல்லுறவு வளர்த்துட்டு இருந்தேன்" என்று சொல்லி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிரசன்னாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த நாள் சாப்பாட்டுக் கூடத்தில் பெண்கள் எழுதினார்கள். தகரக் கூரையில் சாரல் விழுகிற சத்தத்துக்கு மேலே நான் ஒவ்வொரு வாக்கியமாக வாசித்தேன்.

அந்த வருடம் மூத்த அணிக்கு அகாதமியிலிருந்து ஒரே ஒரு மையத் தடுப்பாட்டக்காரியைத்தான் எடுப்பதாக இருந்தது. அந்த இடத்துக்கு இரண்டு பேர். ஒருத்தி செண்பகம். சுரண்டையில் அவள் அப்பா பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். உயரமானவள். தலையால் முட்டினால் பந்து பாதி மைதானம் போகும். இன்னொருத்தி முப்பிடாதி. சுந்தரபாண்டியபுரத்துக்காரி. சொந்தமாக வயல் வைத்திருக்கும் குடும்பம். அப்பா சுடலைமுத்து போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர், அப்போது புளியறைப் பக்கம் வேலை. முப்பிடாதி அவ்வளவு உயரம் கிடையாது. பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிந்து அங்கே போய் நிற்பவள்.

இருவரும் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். இருவரும் நல்ல ஆட்டக்காரிகள். இது மற்றவளைத் தாழ்த்தி ஒருத்தியை உயர்த்துகிற கதை இல்லை.

செண்பகத்துக்குச் சிவப்பு வந்தது. முப்பிடாதிக்குப் பச்சை. அதுவும் லேசான பச்சை இல்லை, கூட்டிப் பார்த்தால் மற்ற மூன்று நிறங்களுக்கும் இடமே விடாத பச்சை. சில நாட்களில் சென்னையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. செண்பகத்துக்கு ஒப்பந்தம் தயார் செய்யலாம், முப்பிடாதியை விடுவிக்கலாம் என்று. விடுவிப்பதற்குப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், உளவியலாளர் மூன்று பேரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அகாதமியின் விதி. மாத்யூ சார் அந்த மின்னஞ்சலை அச்செடுத்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் சுடலைமுத்து வந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், சீருடையோடு. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"மேடம், நான் கேக்கதத் தப்பா எடுத்துக்கிடாதீங்க. எங்க டிபார்ட்மெண்ட்ல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஆள் எடுக்காங்க. எம் மக போனா கிடைச்சிரும். இங்கன ஒப்பந்தம் போட்டா அங்க போக முடியாது. இந்த வருசம் விட்டா அடுத்து எப்ப வரும்னு சொல்ல முடியாது. என்னமோ பேப்பர் எழுத வச்சு ஆளக் கணிச்சிட்டீங்கன்னு பேசிக்கிடுதாங்க. அவ இதுல தேறுவாளா மாட்டாளா? அத மட்டும் சொல்லுங்க. நான் ஒரு முடிவுக்கு வந்திருவேன்."

நியாயமான கேள்வி. ஒரு தகப்பன் கேட்க வேண்டிய கேள்வி. நான் கொஞ்சம் அவகாசம் கேட்டேன். "சரி மேடம்" என்று எழுந்தார். மகளைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். "பயிற்சியில இருப்பா. எதுக்குத் தொந்தரவு" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

மாலையில் முப்பிடாதி கணுக்காலை ஐஸ் வாளிக்குள் விட்டுக்கொண்டு சிகிச்சை அறையில் இருந்தாள். வாளிக்குள் கால் இருக்கும்போது யாரும் எழுந்து போக முடியாது, பேச நல்ல நேரம். அவள் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"கருத்து வேறுபாடு வந்தால் என் கருத்தை வலியுறுத்திப் பேசுவேன். இதுக்கு நீ அரிதாகன்னு போட்டிருக்க. ஏன்?"

"யாருட்ட மேடம்?"

"யாருட்டன்னா?"

"எங்க அப்பாட்டயா, ரெஃபரிட்டயா, செண்பகத்துட்டயா? அப்பாட்ட வாயே தொறக்க மாட்டேன். ரெஃபரிட்ட கேப்டன்தான் பேசணும். செண்பகத்துட்ட தெனமும் சண்டைதான். எல்லாத்துக்கும் சேத்து ஒரு டிக் போடச் சொன்னா அரிதாகன்னுதான மேடம் வரும்."

நான் அடுத்த வாக்கியத்துக்குப் போனேன். "மற்றவர்களுக்காக விட்டுக்கொடுப்பேன். எப்போதும்னு போட்டிருக்க."

"ஆமா. வீட்டுல பொரிச்ச மீன் நல்ல துண்டத் தம்பிக்குத்தான் வைப்பேன். அவன் எங்கிட்ட கேக்கவே வேண்டாம்."

"கிரவுண்டுல?"

அவள் வாளியிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கேள்வியே புரியாதவள் போல இருந்தது முகம்.

"கிரவுண்டுல எதுக்கு மேடம் குடுக்கணும்?"

மறுநாள் செண்பகத்திடமும் அதே வாக்கியங்களை வாசித்தேன். அவள் வீட்டுக்கு மூத்தவள். அப்பாவுக்கு உடம்பு முடியாத நாட்களில் கடையைப் பார்த்துக்கொள்வாள். சரக்கு இறக்குகிறவர்களிடம் சத்தம் போட்டுத்தான் ஆக வேண்டும். அவளும் பொய் எழுதவில்லை. சுரண்டைக் கடையில் நிற்கிற செண்பகம் சிவப்புத்தான். எங்களுக்கு வேண்டியது காற்றடிக்கிற மைதானத்தில், தோற்றுக்கொண்டிருக்கிற அணியில், கடைசி நேரத்தில் அவள் யார் என்பது. அதை அந்தத் தாள் கேட்கவே இல்லை. யாரிடம் என்று கேட்காத ஒரு தாள் நம்மூர்ப் பிள்ளைகளிடம் வந்தால், பதில் எழுதுவது வீட்டிலிருக்கும் பிள்ளையாகத்தான் இருக்கும்.

மாத்யூ சாரிடம் இதைச் சொன்னேன். "பின்னே?" என்றார். அதே தாளை எல்லோரிடமும் மறுபடி கொடுத்துப் பார்க்கலாம் என்றேன். நிறம் என்பது ஆளுடைய குணம் என்றால் சில வாரங்களில் மாறக் கூடாது. பிரசன்னாவும் சம்மதித்தான். அவனுக்கே அதைப் பார்க்கும் ஆவல் இருந்தது.

சில வாரங்கள் கழித்து அதே கூடத்தில் அதே வாக்கியங்களை வாசித்தேன். பிரசன்னா மேஜையில் உட்கார்ந்து கூட்ட ஆரம்பித்தான். முதல் தாள் சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. கொஞ்ச நேரத்தில் அவன் கூட்டுவதை நிறுத்திவிட்டுப் புரட்ட மட்டும் செய்தான். சாப்பாட்டு வரிசையில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கக் கூச்சப்படுகிற எங்கள் இரண்டாவது கோல்கீப்பர்கூடச் சிவப்பு. போனமுறை நீலமும் மஞ்சளுமாக இருந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே நாளில் பாயும் புலிகளாகிவிட்டார்கள்.

நடந்தது எளிமையான விஷயம். சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையை யாரோ போனில் படமெடுத்து விடுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். சிவப்பு என்றால் எடுப்பார்கள், பச்சை என்றால் அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. எந்த வாக்கியத்துக்கு எதை டிக் செய்ய வேண்டும் என்று அறைக்கு அறை பாடம் நடந்திருக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை. எதிரணி எப்படி ஆடுகிறது என்று பார்த்துத் தன் ஆட்டத்தை மாற்றச் சொல்லி நாங்கள்தானே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தோம்.

அந்தக் கட்டுக்குள் ஒரே ஒரு தாள் பச்சையாக இருந்தது. போனமுறை எழுதிய அதே பதில்கள், டிக்குக்கு டிக் அப்படியே. முப்பிடாதி.

கூப்பிட்டுக் கேட்டேன். "சிவப்பு வந்தா எடுப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம். செண்பகமே சொன்னா. மாத்தி எழுதுட்டி, இல்லன்னா உன்ன வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு தெனமும் சண்ட போட்டா."

"பிறகு ஏன் மாத்தல?"

"அப்பா கைக்கு அந்தப் பேப்பர் போயிருச்சுன்னா? நான் எங்க அப்பாட்ட எதுத்துப் பேசுவேன்னு எப்படி மேடம் எழுதிக் குடுக்க? நான் பேசுனதே இல்லையே."

அவள் போன பிறகு மாத்யூ சார் அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். விடுதி முழுக்க ஒரு பக்கம் போகும்போது, ஒரே அறையில் இருக்கிற தோழி கெஞ்சும்போது, தன் இடமே போய்விடும் என்று தெரிந்தும் மாறாத ஒருத்தி. "விட்டுக்கொடுப்பவர்னுதானே இதுல இருக்கு?" என்று கேட்டார். பிரசன்னா அந்தத் தாளை வாங்கி, மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக வைத்தான்.

அடுத்த கூட்டத்துக்குச் சேர்மனே வந்தார். அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று குடும்பத்தோடு வந்திருந்தார். காலையில் குளித்த ஈரத் தலையோடு கூட்டத்தில் உட்கார்ந்தார். வழக்கப்படி கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் பேச வேண்டும். அது பிரசன்னா.

அவன் எழுந்து நின்று பேசினான். இரண்டு முறை எழுதியதில் என்ன வந்தது என்பதை மறைக்காமல் சொன்னான். பிறகு, "சார், இது ஒரு ஆபீஸ்ல கூட வேலை செய்யறவங்க ஒருத்தரை ஒருத்தர் புரிஞ்சுக்கறதுக்காக உண்டாக்கினது. ஆளை எடுக்கறதுக்கும் அனுப்பறதுக்கும் இதைப் பயன்படுத்தக் கூடாதுன்னு எங்க கையேட்டுலயே இருக்கு. இதைச் சொன்னா எங்க ஆபீஸ்ல என்ன சொல்லுவாங்கன்னு தெரியல. ஆனா சொல்லாம இருக்க முடியல" என்றான். அந்த அறையில் அன்று அதிகம் பணயம் வைத்தவன் அவன்தான்.

சேர்மன் என் பக்கம் திரும்பினார். "அப்ப இந்தப் பொண்ணு தேறுவாளா மாட்டாளான்னு உங்களாலயும் சொல்ல முடியாதா? பிறகு எதுக்கு ஒரு சைக்காலஜிஸ்ட்?"

"இனிமே என்ன செய்வாள்னு என்னால சொல்ல முடியாது சார். இதுவரைக்கும் என்ன செஞ்சாள்னு சொல்ல முடியும்" என்றேன்.

சொன்னேன். திருநெல்வேலி அணியோடு இங்கே ஆடிய ஆட்டம். எதிர்க்காற்று. கோல்கீப்பருக்குத் திருப்பிக் கொடுக்க நினைத்த பந்தைக் காற்று தள்ளிவிட, முப்பிடாதியே எங்கள் வலைக்குள் போட்டுவிட்டாள். நான் வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பந்தை எடுத்துக்கொண்டு அவளே நடுக்கோட்டுக்கு நடந்தாள். ஆட்டம் தொடங்கியதும் அடுத்த பந்தைக் கோல்கீப்பரிடம் கையை நீட்டிக் கேட்டு வாங்கினாள். அதே இடத்தில், அதே காற்றில். கோல்கீப்பர் தயங்கினாள். "தாட்டி இங்கன" என்று அதட்டினாள். வாங்கிப் பத்திரமாக வெளியே கொண்டுபோனாள். செண்பகத்தைப் பற்றியும் அதே மாதிரி நடந்ததைச் சொன்னேன். செண்பகம் முட்டித் தடுத்த பந்துகளையும் சொன்னேன், ஒரு தவறுக்குப் பிறகு அவளுக்குத் தேவைப்படுகிற நேரத்தையும் சொன்னேன். இயன்முறை மருத்துவர் இருவர் கால்களைப் பற்றிப் பேசினார். கடைசியில் மாத்யூ சார், "இன்னும் மேட்ச் இருக்கு. ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி ஆட வைப்போம். ஆடுனதை வைச்சு எடுப்போம். அது போதும்" என்றார்.

சேர்மன் சுவரைப் பார்த்தார். அட்டவணையைப் பிரசன்னா காலையிலேயே கழற்றியிருந்தான். "சரி, உங்க இஷ்டம். ஆனா நான் மறக்க மாட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மீதி ஆட்டங்கள் முடிந்தன. பயிற்சியாளர்கள் முப்பிடாதியை எடுத்தார்கள். சுடலைமுத்துவை வரச் சொல்லி, மகளையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஒப்பந்தம் தருகிறார்கள் என்று சொன்னேன். அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது, உடனே ஒரு கவலையும் வந்தது.

"அன்னைக்கு நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலையே மேடம்."

"தேறுவாளான்னு எனக்குத் தெரியாது சார். யாருக்கும் தெரியாது. தெரியும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இதுவரைக்கும் நல்லா ஆடியிருக்கா. முழங்கால் ஒரு நாள் திரும்பிட்டா எல்லாம் முடிஞ்சுபோகவும் கூடும். போலீஸ் வேலை நிச்சயமானது. இதையும் நான் சொல்லித்தான் ஆகணும்."

அவர் மடியிலிருந்த தொப்பியைத் திருப்பிப் பார்த்தார். முப்பிடாதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முடிவெடுத்து எழுந்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

"நீ என்னட்டி சொல்லுத?" என்றார்.

அவள் நிமிரவில்லை. அவர் காத்திருந்தார். அவர் காத்திருந்ததை நான் இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன்.

"நான் விளையாடுதேன் ப்பா."

"போலீஸ் வேல?"

"வேண்டாம் ப்பா." இப்போதுதான் நிமிர்ந்தாள். "நீங்க சொன்னா போயிருவேன். ஆனா எனக்கு இதுதான் வேணும்."

சுடலைமுத்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "அப்பக் கையெழுத்தப் போடு" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "மேடம், அந்தச் சுரண்டைப் பிள்ளைக்குப் போலீஸ்ல ஆசை உண்டுமா? எம் மகளுக்காக எல்லாம் விசாரிச்சு வச்சிருக்கேன். அந்தப் பிள்ளையாவது போகட்டும்."

செண்பகம் போனாள். தேர்வானாள். இப்போது போலீஸ் அணிக்கு ஆடுகிறாள். ஒரு காவல் நிலையத்துக்குள் போய் நின்றால் மொத்தப் பேரும் அவள் குரலுக்குத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று சுடலைமுத்துவே ஒருமுறை என்னிடம் சொன்னார்.

முப்பிடாதிக்கு முதல் பருவம் சரியாகப் போகவில்லை. பெரும்பாலும் வெளியேதான் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஆட்டத்தில் இறக்கினார்கள், அவள் பக்கமாகவே இரண்டு கோல் விழுந்தது. அன்று சேர்மனிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. எழுத்தே இல்லை, ஒரு பச்சை வட்டம் மட்டும். நான் பதில் அனுப்பவில்லை. முதல் பருவத்தில் தடுமாறாத ஆட்டக்காரியை நான் பார்த்ததில்லை. இரண்டாவது பருவத்தில் ஒருத்திக்குக் காயம்பட, அவள் இடத்துக்கு முப்பிடாதி வந்தாள். பிறகு அந்த இடத்திலிருந்து அவளை யாரும் எடுக்கவில்லை. சேர்மன் அதற்கு எந்த வட்டமும் அனுப்பவில்லை. ஆனால் அடுத்த ஒப்பந்தத்தில் அவரே வந்து கையெழுத்திட்டார்.

அந்தக் கேள்வித்தாளை நாங்கள் தூக்கி எறியவில்லை, ரேவதி. அதை மாற்றி வைத்துக்கொண்டோம். பிரசன்னாவும் கூட உட்கார்ந்து மாற்றினான். நிறங்களை எடுத்துவிட்டோம். கூட்டுவதையும் நிறுத்திவிட்டோம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் யாரிடம், எங்கே என்று சேர்த்தோம். புதிதாக வருகிற பெண்ணிடம் அதை வைத்துக்கொண்டு பேசினோம். உன் தவறை எப்படிச் சொன்னால் உனக்குப் பிடிக்கும், தனியாகவா எல்லோர் முன்னாலுமா, உடனேயா மறுநாளா? முப்பிடாதி சொன்ன பதில், "உடனே சொல்லிருங்க மேடம். ஆனா அப்பா பாக்க வந்திருக்கும்போது மட்டும் சொல்லாண்டாம்" என்பது. ஒரு பெண் யார் என்று தெரிந்துகொள்ள அந்தத் தாள் நிறையவே உதவியது. அவள் எங்கே போய்ச் சேருவாள் என்று சொல்ல மட்டும் அதற்குத் தெரியாது. உன் செயலியையும் அப்படி வைத்துக்கொள். பேச்சைத் தொடங்க அது போதும். பேச்சை முடிக்க அதை விடாதே.

போன வருடம் முப்பிடாதிக்கு முழங்காலில் தசைநார் அறுந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது. முப்பதை நெருங்குகிற வயதில் பலர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அவள் ஊருக்கு வந்து வயல்வரப்பில் நடந்தாள், பிறகு ஓடினாள். எங்கள் பழைய மைதானத்தில் தனியாகப் பந்தோடு பழகினாள். சுடலைமுத்து இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அவள் மறுபடி இறங்கப்போகிற முதல் ஆட்டம் கொச்சியில். என்னையும் கூட வரச் சொன்னார். தென்காசியிலிருந்து ரயிலில் போனோம்.

அவளைப் பின்பாதியில் இறக்கினார்கள். கேலரியில் கூட்டம் அதிகமில்லை. எதிரணிப் பெண் வேகமாக உள்ளே வெட்டி வந்தாள். முப்பிடாதி குறுக்கே போய் மோதினாள். இருவரும் விழுந்தார்கள். எதிரணிப் பெண் எழுந்துவிட்டாள். இவள் எழவில்லை. சுடலைமுத்து இருக்கையிலிருந்து எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்கள் அழுத்தியது எனக்கு வலித்தது.

முப்பிடாதி ஒரு கையை ஊன்றினாள். முழங்காலை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள். எழுந்து நின்றாள். நின்ற உடனே பக்கத்தில் தன் இடத்தைவிட்டு விலகி நின்ற சக அணிச் சின்னப் பெண்ணைப் பார்த்துக் கையை ஆட்டி ஏதோ கத்தினாள். அவள் கத்தியது கேலரி வரைக்கும் கேட்டது. அந்தப் பெண் ஓடிப்போய்த் தன் இடத்தில் நின்றாள்.

சுடலைமுத்து மெதுவாக உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"வீட்டுலயும் இப்பல்லாம் இப்படித்தான் மேடம்" என்றார்.